யாருடைய வாக்கியம்? – விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களை முன்வைத்து

ஒரு கலைக்களஞ்சியத்தை விமர்சிப்பதென்றால் அதிலுள்ள கட்டுரைகளை எடுத்துப் பிழை பிடிப்பதுதான் நம்மவர் வழக்கம். விக்கிப்பீடியா விஷயத்திலும் அதுதான் நடக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், எங்கள் இயக்கத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் 'இதை எவன் எழுதினவன்?' என்று திட்டிவிட்டு மூடுவது. ஆனால் எவன் எழுதினவன் என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் ஒரு 'வரலாறு' பக்கமும் ஒரு 'உரையாடல்' பக்கமும் உண்டு. எந்த வரியை யார் எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார், அதற்கு யார் சண்டைக்கு வந்தார் என்பதெல்லாம் அப்படியே கிடக்கின்றன. என் அபிப்பிராயத்தில் அந்தக் களஞ்சியத்தில் ஊன்றி வாசிக்கவேண்டிய இடம் இந்தப் பின்கட்டுத்தான்.

அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிற தொகுப்பாளர்கள் ஓயாமல் விவாதிக்கிற விஷயங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று நடை, மற்றது உரிமம். நடை என்பது மொழிப்பற்றாளர்களின் சண்டை, உரிமம் என்பது சட்டம் தெரிந்தவர்களின் தலையிடி என்று இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகவே படுகின்றன: எழுதப்பட்ட வாக்கியம் யாருடையது? உரிம விவகாரத்தில் இக்கேள்விக்கு நேர்மையான ஒரு பதிலைக் கண்டுபிடித்தவர்கள், நடை விவகாரத்தில், குறிப்பாகத் தமிழில், அதைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்.

முதலில் உரிமம். 2001 ஜனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது அது கையிலெடுத்தது ஜிஎன்யூ கட்டற்ற ஆவண உரிமத்தை. றிச்சர்ட் ஸ்ரோல்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, மென்பொருட் கையேடுகளை மனதில் வைத்து எழுதிய உரிமம் அது. ஒரு சிறு கட்டுரையைத் துண்டுப்பிரசுரமாகப் போடுவதென்றாலும் பல பக்க உரிம வாசகத்தையும் கூடவே அச்சடிக்கவேண்டும். வீட்டைவிடப் பூட்டுப் பெரிது. இதைப் பற்றி வருடக்கணக்கில் வாதாடினார்கள். 2008 நவம்பரில் அறக்கட்டளை தன் உரிமத்தைத் திருத்தி, வேறொன்றுக்கு மாறுவதற்கு வழிவிட்டது. 2009இல் நடந்த வாக்கெடுப்பில் 17,462 பேர் வாக்களித்தார்கள். ஆதரவு 75.8 வீதம். அந்த ஜூனில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் நடைமுறைக்கு வந்தது. 2023இல் அதன் 4.0 பதிப்புக்கு மாறினார்கள்.

இந்த உரிமம் சொல்வது இதுதான். என் வாக்கியத்தை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் என்னிடமிருந்து எடுத்ததென்று சொல்லவேண்டும். மாற்றியதையும் இதே நிபந்தனையில் மற்றவர்களுக்கு விடவேண்டும். நான் குசினியில் வேலை செய்பவன். மேசைக்குப் போகிற தட்டில் சமைத்தவன் பெயர் இருப்பதில்லை, வாசலில் உள்ள பெயர்ப்பலகை முதலாளியினுடையது. ஆகவே, காசு தராத ஒரு வேலையில் பெயர் ஒன்றுதான் கூலி என்று எழுதி வைத்திருப்பதை நான் சிறிய விஷயமாக எடுக்கமாட்டேன்.

அந்த உரிமத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: பிரிந்து செல்லும் உரிமை. 2002 பெப்ரவரியில், விளம்பரம் போடப்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஸ்பானிய மொழித் தொகுப்பாளர்களில் பெரும்பகுதியினர் அதுவரை எழுதியவற்றைப் படியெடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். செவில் பல்கலைக்கழகத்தின் கணினியில் 'என்சிக்லோபீடியா லிப்ரே' என்று தனியாக நடத்தினார்கள். எவரும் அவர்களைத் துரோகிகள் என்று சுடவில்லை, வழக்குப் போடவுமில்லை. உரிமம் அதை அனுமதித்திருந்தது. விக்கிப்பீடியா இன்றுவரை விளம்பரம் போடவில்லை. அதற்கு இவர்கள் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் போகக்கூடியவர்கள் இருக்கிற வீட்டில்தான் பேச்சுக்கு மரியாதை இருக்கும். சுயநிர்ணயம் பற்றி அரை நூற்றாண்டாகப் பேசிய நாங்கள் எங்கள் சங்கங்களுக்குள் இதை எத்தனை தரம் அனுமதித்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி நடை. ஆங்கிலத்தில் யோகட் என்ற சொல்லுக்கு 'எச்' எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற தகராறு எட்டு வருடமளவில் இழுபட்டு 2011இல்தான் முடிந்தது. சிரிப்புக்குரியதுதான். ஆனால் க்டான்ஸ்க் நகரத்தின் பெயரைப் பற்றிய தகராறு சிரிப்புக்குரியதல்ல. அது போலந்து நகரமா ஜேர்மன் நகரமா என்பதில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. 2005இல் வாக்கெடுத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: 1308 வரைக்கும் க்டான்ஸ்க், 1308இலிருந்து 1945 வரை டான்சிக், அதன்பின் மறுபடி க்டான்ஸ்க். ஒரு ஊருக்கு ஒரு பெயர்தான் என்ற பிடிவாதத்தை விட்டு, பெயருக்கும் காலம் உண்டென்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

அமெரிக்க ஆங்கிலமா பிரித்தானிய ஆங்கிலமா என்ற கேள்விக்கும் ஆங்கிலத் தொகுப்பாளர்கள் தலைகளை எண்ணவில்லை. ஒரு நாட்டோடு நெருங்கிய பந்தமுள்ள விஷயத்தை அந்த நாட்டு வழக்கில் எழுது. அப்படி இல்லையென்றால் முதலில் எழுதியவரின் வழக்கை மாற்றாதே. இதுதான் விதி. சீனர்கள் வேறு வழி கண்டார்கள். 2004–2005 அளவிலிருந்து ஒரே கட்டுரையைப் பழைய எழுத்திலோ எளிமையாக்கிய எழுத்திலோ வாசகர் விரும்பியபடி படிக்கலாம். கணினி மாற்றித் தரும்.

தமிழில் என்ன நடக்கிறது? 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் ஈழத்தவரான இ. மயூரநாதன். இலங்கைத் தமிழை அங்கே எவரும் தடைசெய்யவில்லை. இரு வழக்கும் புழங்குகின்றன. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்புத்தான் இருக்கமுடியும். ரொறன்ரோவா டொராண்டோவா, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற விவாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தோற்ற சொல்லுக்கு 'வழிமாற்று' கிடைக்கும். அதாவது உங்கள் சொல்லைத் தட்டினால் மற்றவரின் வாசலில் கொண்டுபோய் விடும். இதைச் சமத்துவம் என்கிறார்கள். பெரும்பான்மையோர் சொல்வதைத் தலைப்பாக வைப்பதுதானே நியாயம் என்றும் கேட்கிறார்கள். பெரும்பான்மை நியாயம் எங்களுக்குப் புதிதல்ல. 1956இலிருந்து கேட்டு வருகிறோம். ஆங்கிலத்தவரின் விதியை எடுத்துக்கொண்டால் விடை சுலபமானது. ரொறன்ரோவில் வாழும் தமிழரில் பெரும்பாலானோர் ஈழத்தவர், அவர்கள் வாயில் அது ரொறன்ரோ. கோயம்புத்தூரை எப்படி எழுதுவதென்பதைக் கோயம்புத்தூர்க்காரர் சொல்லட்டும்.

இதைச் சொல்கிற அதே மூச்சில் எங்கள் பக்கத்தையும் பார்க்கவேண்டும். இலங்கை வழக்கு என்று நாங்கள் கொண்டுபோவது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் படித்தவர் வழக்கு. மலையகத்தின் சொல்லும் மட்டக்களப்பின் சொல்லும் கிழக்கு முஸ்லிம்களின் சொல்லும் எங்கே? தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவிவாதம் நடக்கும் இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர். ஆனால் எங்கள் ஊர்களில் ஆலமரத்தடியில் எல்லோரும் சமமாக இருந்து பேசியதில்லை. சிலர் தள்ளி நின்றார்கள், பெண்கள் வரவேயில்லை. 2011இல் விக்கிமீடியா எடுத்த கணக்கிலும் உலகமெங்குமுள்ள தொகுப்பாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 'நடுநிலை நடை' என்று அங்கே சொல்லப்படுவது யார் கூடியிருந்து தீர்மானித்த நடுநிலை என்ற கேள்வி இருக்கவே செய்கிறது.

அப்படியானால் நடை விவாதமே வேண்டாமா? வேண்டும். 2009–2010இல் கூகிள் நிறுவனம் காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து கொட்டியது. எழுத்து தமிழ், வாக்கியம் ஆங்கிலம். உரிமப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. அதைத் தட்டிக் கேட்க முடிந்தது நடையைப் பற்றிப் பேசிப் பழகிய தொகுப்பாளர்களால்தான். அந்த அனுபவத்தை 2010 விக்கிமேனியா மாநாட்டிலும் போய்ச் சொன்னார்கள். மாநாடு நடந்த இடம் அதே க்டான்ஸ்க் நகரம். உரிமம் வாக்கியத்தைத் திருட்டிலிருந்துதான் காப்பாற்றும். அதைச் சவமாகாமல் காப்பாற்றுவது நடை.

இன்று இரண்டுக்கும் சேர்த்தே ஆபத்து வந்திருக்கிறது. பேசுகிற இயந்திரங்கள் விக்கிப்பீடியாவை விழுங்கி வளர்ந்தவை. 2020இல் வந்த ஜிபிரி-3க்கு அதை ஊட்டினோம் என்று செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்த இயந்திரம் ஒரு பதிலைத் தரும்போது அதற்குப் பின்னால் 'வரலாறு' பக்கம் கிடையாது. வாக்கியத்தைத் தந்தவர்களின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எல்லா வழக்கையும் அரைத்து, அதிகம் எழுதப்பட்ட வழக்கைத் திருப்பித் தரும். பெயர் போகிற வழியால்தான் பேச்சும் போகிறது. உரிமமும் நடையும் ஒரே கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே, வேலை முடிந்து வந்து ஒரு மணித்தியாலம் இருக்கிறவர்கள் அங்கே போய் எழுதவேண்டும். உங்கள் ஊர்ச் சொல்லிலேயே எழுதுங்கள். எவராவது மாற்றினால் கோபித்துக்கொண்டு வரவேண்டாம், ஏன் மாற்றினீர் என்று உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். பதில் சரியென்றால் விட்டுவிடலாம். பிழையென்றால், கேட்டது நீங்கள்தான் என்பதாவது பெயரோடும் திகதியோடும் அங்கே இருக்கும்.