காலடியில் கிடக்கும் மருந்து

கற்பனைக் கதையிலே முளைக்கும் ஒரு மருந்துச் செடியைப் பற்றி ஆராயத்தான் வேண்டுமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே நமது விடை. நோய்க்கு மருந்து எங்கே இருக்கிறது, அதனை அறிந்தவர் யார் என்னும் இரு கேள்விகளுக்கு, ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளே முதல் விடையாக அமைகின்றன. பாடநூல் அதற்குப் பின்னரே வருகிறது.

1955-ஆம் ஆண்டில் இத்தகைய இரு மருந்துகள் மக்கள் முன் வந்தன. ஒன்று, டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி' திரைப்படத்தின் மலர். மற்றொன்று, அதே ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தில் வெளிவந்த, டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நெடுங்கதையின் மூன்றாம் தொகுதியில் வரும் 'அதலாஸ்' என்னும் பூண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

குலேபகாவலி நம் இல்லங்களுக்குப் புதியதன்று. இஸ்ஸத்துல்லா வங்காளி 1722-இல் பாரசீகத்தில் எழுதிய இக்கதையை, 1803-இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக நிஹால் சந்த் லாஹோரி உருது உரைநடையில் தந்தார். தமிழில் கதையாகவும் நாடகமாகவும் உலவிய பின்னரே அது திரையை அடைந்தது. மன்னர் பார்வை இழக்கிறார். பகாவலியின் தோட்டத்து மலர் ஒன்றே அதனை மீட்கும். இளைய மகன் தாஜுல் முலூக் சூதாட்டத்தை வென்று, தேவுகளின் காவலைக் கடந்து, சுரங்க வழியே சென்று மலரைக் கொணர்கிறான். சுவை மிகுந்த கதை; மறுப்பதற்கில்லை. ஆயினும் இங்கே மலரின் பெருமை அதன் குணத்தில் இல்லை. அதன் தொலைவில் இருக்கிறது. மன்னரின் கண் திறந்ததும் மலரின் வேலை முடிந்துவிடுகிறது. கதை பகாவலியின் காதலைத் தொடர்ந்து போய்விடுகிறது. மருந்து ஒரு வெற்றிப் பரிசாக நின்றுவிடுகிறது.

இந்த எண்ணம் நம் மண்ணிலும் ஆழ வேரூன்றியதே. கம்பரின் மருந்துமலைப் படலத்திலே அனுமன் மலையையே பெயர்த்து வருகிறான். மதுரையிலிருந்து வாடிப்பட்டிப் பக்கம் செல்வோர் கண்ணில் படும் சிறுமலையை, அந்தச் சஞ்சீவி மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு என்று ஊரார் சொல்வர். கண்ணெதிரே நிற்கும் மலையின் மூலிகைக்குக்கூட, எங்கிருந்தோ வந்தது என்ற பெருமை தேவைப்படுகிறது!

டோல்கீன் இதனைத் தலைகீழாக்கினார். அவருடைய அதலாஸ் எந்தத் தேவும் காக்காத களை. முற்காலத்தில் கடல் கடந்து வந்த மக்கள் கொணர்ந்த அப்பூண்டு, அவர்கள் தங்கிய இடங்களில் ஆங்காங்கே முளைத்துக் கிடக்கிறது. மக்களோ அதனை மறந்துவிட்டனர். மருத்துவமனையில் மூவர் சாகக் கிடக்கும்போது அது தேவைப்படுகிறது. அங்குள்ள மூலிகை அறிஞர் வந்து அதன் பல பெயர்களையும் பழம்பாடலையும் ஒப்புவிக்கிறார். ஆனால் ஓர் இலைகூட அவரிடம் இல்லை. முதியோர் சிலர் தலைவலிக்கு அதனைக் கொதிக்கவைத்துக் குடிப்பதுண்டு என்று அலட்சியமாகச் சொல்கிறார். கடைசியில் ஒரு சிறுவன் எங்கிருந்தோ ஆறு இலைகளை ஓடிக் கொணர்கிறான். பெயரறிவு வேறு, பயனறிவு வேறு என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய காட்சியை நாம் அதிகம் கண்டதில்லை.

ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. டோல்கீனின் பூண்டு முழு வலிமையும் பெறுவது அரசனாகப் பிறந்தவன் கையில்தான். அரகார்ன் இலையைக் கசக்கி வெந்நீரிலிட்டால் மரண இருள் விலகுகிறது. ஏழைக் கிழவர் இட்டால் தலைவலி மட்டுமே தீர்கிறது. மன்னன் கைக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்ற பழமொழியை நினைவூட்டி வழிகாட்டியவள் அயோரெத் என்னும் பணிப்பெண். அம்மனையில் பணிபுரிந்த பெண்களில் அவளே மூத்தவள். ஆசிரியரோ அவளை வாயாடியாகவே சித்திரித்து, வாசகரைச் சிரிக்கவைக்கிறார். அறிவு அவளிடம், சிறப்போ அரசனிடம். செடியைத் தெருவுக்குக் கொணர்ந்தவர், கையை மட்டும் அரண்மனையிலேயே விட்டுவிட்டார்.

நம் வைகைக் கரையிலும் மேலூர், சோழவந்தான் வரப்புகளிலும் மிதிபட்டுக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பாருங்கள். நீண்ட காம்பின் நுனியில் சிறு மஞ்சள் பூ; சிறுவர்கள் தாத்தாப்பூ என்பர். அதுவும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து கடல் கடந்து வந்து இங்கே களையானதே. விளையாடுகையில் முழங்கால் சிராய்த்த பேரனை இழுத்து வைத்து, நன்னி அதன் இலையைக் கசக்கிச் சாறு பிழிவாள். எரியும், பையன் அலறுவான், பிறகு ஓடிவிடுவான். அவள் கை அரசகுலத்துக் கையன்று. மீன் கழுவிய கை, மாவு பிசைந்த கை.

மிகைப்படுத்தலும் ஆகாது. ஆழ்ந்த வெட்டுக்கும் பாம்புக்கடிக்கும் மருத்துவமனைக்கே விரைய வேண்டும். எல்லா நோயும் இலையால் தீரும் என்று எழுதுவது குலேபகாவலியினும் பெரிய கற்பனை. அது உயிரைப் பறிக்கவும் கூடும். எந்தச் சிராய்ப்புக்கு இலை போதும், எந்தக் காயத்துக்கு வண்டி வேண்டும் என்று பார்த்தவுடன் பிரித்தறிவதே அம்மூதாட்டியரின் உண்மையான அறிவு. அந்த அறிவு ஏட்டில் இல்லை. அவர்களோடு அதுவும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

தேவுகளின் தோட்டத்தை எழுதியாயிற்று. மன்னனின் கையையும் எழுதியாயிற்று. கிணற்றடியில் குனிந்து இலை பறிக்கும் நன்னியை நாயகியாக்கும் கற்பனைக் கதையை நம் எழுத்தாளர் எவரேனும் எழுதட்டும். அதற்கு முன்னர், இன்று மாலை நம் பிள்ளைகளை அவள் அருகே அமர்த்தி, வாசலில் முளைத்திருக்கும் பூண்டின் பெயரைக் கேட்கச் சொல்வோம். பெயரோடு நிறுத்தாமல், பயனையும் கேட்கச் சொல்வோம்.