யாருடைய வற்புறுத்தலும் இன்றி

2023-ல் மத்தியஸ்தச் சட்டம் நிறைவேறியதிலிருந்து ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. விருப்பமில்லாமல் இழுத்து வரப்பட்ட மனிதனோடு பேசி அவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று மேலைநாட்டார் இப்போதுதான் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். நம் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறதாம். சட்டத்தின் 43-ஆம் பிரிவு கனவு காணும் சமுதாய மத்தியஸ்தம் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ஏற்கெனவே நடக்கிறதாம். அரசு செய்யவேண்டியது அதற்கு ஒரு முத்திரை குத்துவது மட்டும்தானாம். கேட்க இனிமையாக இருக்கிறது. சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் செய்கிறார்கள். எனக்கு இந்த வாதத்தோடு நெடுநாள் பிணக்கு உண்டு.

பஞ்சாயத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. பொன்னேரி நீதிமன்றத்தில் ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் தொழிலைத் தின்னும். பஞ்சாயத்தில் இரண்டு மூன்று மாலைகளில் விவகாரம் முடிந்துவிடும். வந்து நிற்பவனின் கடன் யாரிடம், பங்கு எந்தப் படகில், சண்டை எந்தத் தலைமுறையில் தொடங்கியது என்பதெல்லாம் பஞ்சாயத்தாருக்கு அத்துப்படி. தீர்ப்புக்குப் பிறகு கண்காணிக்கத் தனி அலுவலர் தேவையில்லை, ஊரே கண்காணிக்கும். சுனாமி அடித்த நாட்களில் அரசு வருவதற்குள் தலைக்கட்டுக் கணக்கெடுத்து நின்றவையும் கடலோரப் பஞ்சாயத்துகள்தான். இவ்வளவும் உண்மை.

ஆனால் புகழ்கிறவர்கள் ஒரு கணக்கை இன்னொரு கணக்கில் வரவு வைக்கிறார்கள். பழவேற்காடு என்றதும் அவர்கள் எடுத்துக்காட்டுவது பாடு முறையை. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கும் ஏற்பாடு அது. அதைப் பற்றி ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன. சோழமண்டலக் கரையின் மீன்பிடி ஒழுங்குகள் பற்றி மார்டன் பாவிங்க் 2001-ல் வெளியிட்ட நூலும் ஊர்ப் பஞ்சாயத்தின் அதிகாரத்தை விரிவாகப் பேசுகிறது. பொதுச்சொத்தைப் பங்கிடுவதில் பஞ்சாயத்து காட்டிய திறமை அது. குலுக்கலில் கலந்துகொள்பவனுக்கு அதில் ஆதாயம் இருக்கிறது, அதனால் அவன் விரும்பியே வருகிறான். குடித்துவிட்டு மனைவியை அடித்தவனும், கடனைத் திருப்பித் தராதவனும், சாதி மாறிக் காதலித்த பையனும் விரும்பி வருவதில்லை. வலைக்கு முறை வைக்கத் தெரிந்த கை, வர மறுக்கும் மனிதனையும் திருத்தத் தெரிந்த கை என்று எப்படி முடிவு கட்டுவது?

வழக்கமாக நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்தக் குப்பத்தையும் யாரையும் சுட்டவில்லை. குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று மனைவியின் அண்ணன் ஊரில் முறையிடுகிறார். ஆள் விட்டு அழைக்கிறார்கள். கோயிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். பஞ்சாயத்தார் உட்கார்ந்திருக்க, அவன் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான். பெரியவர் ஒருவர் தொடங்குகிறார்: “தம்பி, உன்னைத் தண்டிக்கிறதுக்குக் கூப்பிடல. உங்கப்பனும் நானும் ஒண்ணா கட்டுமரம் ஏறினவங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றோம். மனசுல இருக்கிறத கொட்டிடு.” அவனும் கொட்டுகிறான். தொழில் இல்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, ஆமாம் அடித்தேன். அரை மணி நேரம் கழித்து அதே பெரியவர் தண்டத் தொகையைச் சொல்கிறார். மனம்விட்டுச் சொன்னதே குற்ற ஒப்புதலாகிவிட்டது.

பிறகு ஒரு தாள் வருகிறது. பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். எழுதத் தெரிந்த ஒருவர் வழக்கமான வாசகத்தை எழுதுகிறார்: என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு எழுதிக் கொடுப்பது என்னவென்றால். அவன் கையெழுத்துப் போடுகிறான், இல்லையென்றால் கைநாட்டு. ஊரில் அன்றைக்கு அவனைவிட வற்புறுத்தலுக்கு ஆளான மனிதன் வேறு யாரும் இல்லை. அந்த வாசகத்தின் அடியில் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்.

என் ஆட்சேபணை முழுவதும் இந்தத் தாளில் அடங்கியிருக்கிறது. கட்டாயப்படுத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. அடிப்பவனை நிறுத்தக் கட்டாயம் வேண்டும். கட்டாயத்தை அன்பு என்றும் சம்மதம் என்றும் பெயர் மாற்றி மறைப்பதுதான் தவறு. வந்து நிற்பவனுக்குச் சொல்லாமல் விட்டவற்றை எண்ணிப் பாருங்கள். இந்தக் கூட்டத்துக்கு எதுவரை அதிகாரம்? தண்டம் அதிகபட்சம் எவ்வளவு? கட்டாவிட்டால் என்ன? ஊரை மீறிக் காவல் நிலையத்துக்குப் போனால் என்ன? பஞ்சாயத்தாரில் ஒருவர் மனைவிக்கு மாமன் முறை என்றால் அவர் நடுவரா, வாதியா? இவற்றில் ஒன்றுக்கும் வாய்திறந்து பதில் சொல்வதில்லை. ஆனால் பின்னணியில் எல்லாம் இருக்கிறது. கட்டாதவனைப் படகில் ஏற்றக்கூடாது, தொழிலுக்கு விடக்கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு இறங்கக்கூடும். தொழிலே கடலிலும் ஏரியிலும் இருப்பவனுக்கு இது அபராதமல்ல, பட்டினி.

“இதெல்லாம் ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா, தனியாகச் சொல்லவேண்டுமா?” என்று கேட்பார்கள். தெரியும்தான், மங்கலாகத் தெரியும். அந்த மங்கல்தான் பஞ்சாயத்தாருக்கு வசதி. எல்லையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சொன்னவரும் அதற்குக் கட்டுப்பட்டுவிடுகிறார். ஐயாயிரத்துக்கு மேல் தண்டம் இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டால், பிடிக்காதவனுக்கு இருபதாயிரம் போட முடியாது. போலீசுக்குப் போவது உன் உரிமை என்று சொல்லிவிட்டால், போனதற்காகத் தள்ளி வைக்க முடியாது. எதையும் சொல்லாத அதிகாரத்துக்கு எல்லையும் இல்லை. ஊர்க்காரன் பயப்படுவது விதியைக் கண்டல்ல, விதி இன்னதென்று தெரியாததைக் கண்டு.

மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ட்ராட்டர், விரும்பாமல் வரும் சேவைதாரர்களோடு வேலை செய்வது பற்றி 1999-ல் எழுதிய நூலை நம் சமூகப்பணித் துறைகளும் அறியும். விக்டோரியா மாநிலத்தில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களை ஆராய்ந்து அவர் முன்வைத்த திறன்களில் முதல் இடம் பங்கைத் தெளிவுபடுத்துவதற்கு. பணியாளர் சொல்லவேண்டியது இது: நான் உனக்கு உதவவும் வந்திருக்கிறேன், உன்னைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதவும் வந்திருக்கிறேன். இவை பேசித் தீர்க்கலாம், இவை பேச்சுக்கே இடமில்லாதவை. நீ சொல்வதில் இன்னது இன்ன இடத்துக்குப் போகும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டும், பிறகும் அடிக்கடி நினைவுபடுத்தவேண்டும் என்பது அவர் கட்சி. மென்மைக்காகச் சொன்ன யோசனையல்ல இது. அதிகாரத்தை மறைத்தவரிடம் எதிரில் இருப்பவன் நடிப்பான் என்பதுதான் காரணம்.

நடிக்கத்தான் செய்கிறான். “சரிண்ணே, இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேன்” என்று தலையாட்டிவிட்டுப் போகிறான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தலையாட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது. குடியை நிறுத்துவது எப்படி, கடனை எந்த முறையில் கட்டுவது, கோபம் வரும்போது எங்கே போவது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு பேச்சும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அவன் மறுபடி அடித்தால் அது ஊரை அவமதித்த குற்றமாகிறது, தண்டம் கூடுகிறது. மனைவியின் காயம் வழக்கிலிருந்தே நழுவிவிடுகிறது.

அந்த மனைவியைப் பற்றிப் புகழ்கிறவர்கள் பேசுவதே இல்லை. அவளும் விரும்பி வந்தவள் அல்ல. முறையிட்டது அண்ணன், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள், அவள் ஓரமாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “என்னம்மா, குடும்பம்னா முன்ன பின்னதான் இருக்கும்” என்கிறார்கள். அவளும் அதே தாளில் கையெழுத்திடுகிறாள், தன் சொந்த விருப்பத்தின் பேரில். அவள் கேட்டது அடி நிற்கவேண்டும் என்பது. கிடைத்தது சேர்ந்து வாழவேண்டும் என்ற தீர்ப்பு. இரண்டும் ஒன்றென்று யாரும் அவளிடம் விளக்கவில்லை, விளக்கவும் முடியாது. ஏரியைச் சுற்றியிருக்கும் இருளர் குடும்பங்களுக்கோ இந்த நாற்காலிகளில் ஒன்றுகூடக் கிடையாது. ஊரோடு தகராறு வந்தால் தீர்ப்பு மட்டும் அவர்களுக்கும் உண்டு.

அரசாங்கம் இதைவிடச் சுத்தம் என்று நான் வாதாடப் போவதில்லை. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் நடக்கும் ‘கவுன்சலிங்’ இதே நோயின் சீருடை வடிவம். மனு வாங்கி, சி.எஸ்.ஆர். எனும் மனு ஏற்பு ரசீது போட்டு, இருதரப்பையும் அழைத்து, “உன் அக்கா மாதிரி சொல்றேன்” என்று தொடங்கி, கடைசியில் எழுதி வாங்கிவிட்டு அனுப்புகிறார்கள். அங்கேயும் அதே வாசகம்தான். லத்தி மேசைமேல் இருக்க, வற்புறுத்தல் இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள். பஞ்சாயத்தும் நிலையமும் ஒன்றையொன்று பார்த்துக் கற்றுக்கொண்டனவோ என்னவோ.

வேடிக்கை என்னவென்றால், நம் சட்டங்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 1936-லேயே சென்னை மாகாணத்தில் நன்னடத்தைச் சட்டம் வந்துவிட்டது. 1958-ன் மத்தியச் சட்டம், 4-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவில், கண்காணிப்பு ஆணையின் நிபந்தனைகளைக் குற்றவாளிக்கு நீதிமன்றம் விளக்கிச் சொல்லவேண்டும், நகலும் உடனே தரவேண்டும் என்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகள் இன்னும் தெளிவு. நீதிபதி அனுப்பும் ஆலோசனையில், அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு இடமில்லை. இதை ஆலோசனை தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிடவேண்டும் என்கிறது 14-ஆம் விதி. இனி வன்முறை செய்யமாட்டேன் என்று அவரிடம் உறுதிமொழியும் வாங்கவேண்டும். எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிற நேர்மை இது. கோயில் மணலையும் நிலையத் திண்ணையையும் இந்த விதி கட்டுப்படுத்தாது என்பது வேறு விஷயம். ஆனால் கட்டுப்படுத்தாத இடத்தில் கடைப்பிடிக்கக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லையே.

மத்தியஸ்தச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கிறவர்கள் அதன் 43-ஆம் பிரிவையே முழுதாகப் படிப்பதில்லை. சமுதாய மத்தியஸ்தத்துக்கு இருதரப்பின் சம்மதம் முன்கூட்டியே இருக்கவேண்டும் என்று அது கேட்கிறது. பெண்களின் பிரதிநிதித்துவத்தைப் பேசுகிறது. எட்டிய உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றத் தக்கதல்ல என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. முன்சம்மதம் இல்லாத, பெண் இல்லாத, பட்டினியைக் காட்டி நிறைவேற்றுகிற ஒன்றுக்கு இந்தச் சட்டத்தின் பெயரால் முத்திரை கேட்பது துணிச்சல்தான்.

புகழ்கிறவர்கள் காட்டும் இன்னொரு சான்று நியூசிலாந்து. அங்கே மாவோரி மரபிலிருந்து எடுத்த குடும்பக் கூட்டத்தை 1989-ல் சட்டமாக்கவில்லையா என்பார்கள். ஆக்கினார்கள். கூடவே ஒருங்கிணைப்பாளர், சிறுவனுக்கு வழக்கறிஞர், முடிவைப் பார்க்க இளையோர் நீதிமன்றம் எல்லாவற்றையும் வைத்தார்கள். மரபை எடுத்துக்கொண்டு அதன் மங்கலை நீக்கினார்கள். நம்மவர்கள் மங்கலைத்தான் மரபு என்று காப்பாற்றச் சொல்கிறார்கள்.

கட்டப் பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், அவற்றை ஒடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கடுமையாகச் சொன்னது. மகாராட்டிரம் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக 2016-ல் தனிச் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை, வரவேண்டும். ஆனால் ஒடுக்குவதால் மட்டும் தீராது. பொன்னேரி வாய்தாவுக்கு அலைய முடியாதவன் ஊரில் யாரிடமாவது போய்த்தான் நிற்பான்.

ஆகவே நான் கேட்பது சிறிது. பஞ்சாயத்தாரும், அவர்களுக்குப் பயிற்சி தரக் கிளம்பியிருக்கும் சமூகப்பணியாளர்களும், மகளிர் நிலைய ஆய்வாளர்களும் முதல் வார்த்தையாக மூன்றைச் சொல்லட்டும். நீயாக வரவில்லை, உன்னை வரவழைத்திருக்கிறோம். எங்களால் இன்னது செய்ய முடியும், இன்னது முடியாது. மறுத்தால் நடக்கக்கூடியது இது, நீ போகக்கூடிய வேறு இடம் அது. பிறகு அந்த மாமூல் வாசகத்தை அடித்துவிட்டு, ஊர் கேட்டுக்கொண்டதன் பேரில் இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். இவ்வளவையும் சொன்ன பிறகும் பஞ்சாயத்தின் பிடி தளராமல் நின்றால் அதைப் புகழ்கிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். நிற்காது என்பது என் கணிப்பு. சொன்னால் நிற்காத அதிகாரத்தை, மனிதனைத் திருத்தும் கலை என்று வகுப்பில் கற்பிக்க வேண்டாம்.