துருவும் டைட்டானியமும்

பில்பாவ் நகரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். இரும்பும் கப்பலும் செத்துப்போன ஊரை ஒரு கட்டிடம் பிழைக்கவைத்தது என்று. 1997ல் திறந்த குகன்ஹைம் மியூஸியம்தான் அந்தக் கட்டிடம். போவதற்கு முன்பே இந்த வாக்கியத்தின் மீது எனக்கு எரிச்சல் இருந்தது. நானும் மனைவியும் அங்கே இரண்டு நாட்கள் இருந்தோம். கொண்டுபோன எரிச்சலை அப்படியே திருப்பி எடுத்துவர முடியவில்லை. ஏன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வாக்கியம் தகவல் அளவிலேயே தவறு. நெர்வியோன் ஆற்றின் சாக்கடையைச் சுத்தம் செய்யும் வேலை மியூஸியத்துக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. துறைமுகத்தை ஊர் நடுவிலிருந்து கடல் முகத்துக்கு நகர்த்தினார்கள். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ 1995லேயே ஓடத் தொடங்கியது. இவ்வளவையும் ஒரு கட்டிடத்தின் கணக்கில் எழுதுவது பத்திரிகைக்காரர்களின் சௌகரியம். எவுஸ்கல்துனா கப்பல் கட்டும் தளத்தை மூடக்கூடாதென்று 1984ல் தொழிலாளர்கள் தெருவில் போலீஸோடு மோதினார்கள். 1988ல் தளம் மூடப்பட்டது. ஆற்றின் இடது கரையில், ஊருக்குக் கீழே இருந்த பெரிய இரும்பாலை 1996ல் கடைசி ஊதுலையை அணைத்தது. மறு வருஷம் மியூஸியம். பிழைத்தது யார், எது என்ற கேள்வியைப் பயணக் கட்டுரைகள் கேட்பதில்லை.

ஃபிராங்க் கெரியின் கட்டிடத்தை வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கு ஏமாற்றம் ஏற்படவில்லை, சந்தேகம்தான் ஏற்பட்டது. அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத டைட்டானியத் தகடுகள், ஆயிரக்கணக்கில், மேகம் போக ஒரு நிறமும் வெயில் வர ஒரு நிறமுமாக மாறுகின்றன. படிமங்களை மட்டுமே அடுக்கி எழுதுகிற கவிஞர்கள் நம்மிடையே உண்டு. ஒவ்வொரு வரியும் மின்னும். வரிக்குப் பின்னால் கையை வைத்தால் எலும்பு தட்டுப்படாது. எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. (வாசலில் ஜெஃப் கூன்ஸின் பூக்களாலான ராட்சத நாய்க்குட்டி நிற்கிறது. 1997 அக்டோபரில், திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, பூந்தொட்டிகளில் குண்டுகளை ஒளித்து வந்தவர்களை மடக்கப்போன ஒரு போலீஸ்காரர் இங்கேதான் சுடப்பட்டு இறந்தார். நாய்க்குட்டியோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும்தான்.)

உள்ளே ரிச்சர்ட் செர்ராவின் ‘காலத்தின் பொருண்மை’. நூறு மீட்டருக்கு மேல் நீளமான கூடத்தில் எட்டு எஃகுச் சிற்பங்கள், மொத்த எடை ஆயிரம் டன்னுக்கு மேல். சுவர் அளவு உயரமான தகடுகள், சுருளாகவும் நீள்வட்டமாகவும் வளைந்து, எந்தத் தாங்கலும் இல்லாமல் தன் சாய்வினாலேயே நிற்கின்றன. அடியில் ஒரு நீள்வட்டம். உச்சியிலும் அதே அளவு நீள்வட்டம், ஆனால் திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுவர் முறுகிக்கொண்டு போகிறது. நாம் நடக்க நடக்க அது தலைமேல் கவிழ்கிறது, பிறகு விலகுகிறது, வழி குறுகித் தோளை உரசும்போல வருகிறது, திடீரென்று திறந்து நடுவில் நிறுத்திவிடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை. வந்த வழி எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்கு முன் பாதத்துக்குத்தான் முதலில் விஷயம் புரிகிறது. உருவமே அனுபவம் என்று முப்பது வருஷமாகச் சொல்லி ‘உருவவாதி’ என்ற வசையையும் வாங்கிக்கொண்டவன் நான். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை என்று அந்த நடுவில் நின்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி ஒரு சுருளுக்குள் மட்டும் போனாள். "கிணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு, எனக்கு வேணாம்" என்று சொல்லி மாடி முகப்புக்குப் போய்விட்டாள். நான் மேலே போனபோது, "இங்கேர்ந்து பாத்தா உரிச்சுப் போட்ட வாழைப்பட்டை. நீங்க உள்ள சுத்திச் சுத்தி வந்தது தெரிஞ்சுது" என்றாள். பிறகு, "இந்த இரும்பு இந்த ஊர்தானா?" என்று கேட்டாள்.

இல்லை. தகடுகள் ஜெர்மனியில் வளைத்துக் கொண்டுவரப்பட்டவை. சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் சாட்சி அந்த நிமிஷத்தில் கொஞ்சம் பிறழ்ந்துவிட்டது.

மறுநாள் கடல்சார் மியூஸியம். எவுஸ்கல்துனாவின் பழைய தளத்திலேயே இருக்கிறது. சிவப்பு வண்ணம் அடித்த ஒரு பாரந்தூக்கியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ‘கரோலா’ என்று பெயர். தினமும் ஆற்றைக் கடந்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் பெயரைத் தொழிலாளர்கள் வைத்தார்களாம். மனைவி அதன் கீழே வெகு நேரம் நின்றாள். "இதைச் சிற்பம்னு யாரும் சொல்லலே. அவ்வளவுதானே வித்தியாசம்?" என்றாள்.

அவ்வளவுதான் இல்லை என்று வாதாடினேன். பாரந்தூக்கியின் ஒவ்வொரு கோணமும் வேறொன்றின் எடைக்குப் பதில். செர்ராவின் தகடு தன் எடைக்கு மட்டுமே பதில் சொல்கிறது, அதனாலேயே நம் உடம்பு அதன்முன் கேள்வியாகிறது. இந்த வாதத்தை இன்னும் கைவிடவில்லை. ஆனால் இதில் நான் மறைத்த ஒன்று உண்டு. செர்ராவின் தகப்பனார் கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர். செர்ராவே படிக்கும் நாளில் இரும்பாலைகளில் கூலி வேலை செய்தார். 2024ல் சாகும்வரை அவர் கையில் இருந்தது அங்கே கற்றதுதான். அந்தச் சுவர்கள் கப்பலின் விலா. அதை அறியாமலே அனுபவிக்கலாம் என்பது உண்மை. அறிந்தபிறகு அதே அனுபவம்தான் என்பது பொய். பில்பாவில், அணைந்த உலைகளுக்குப் பக்கத்தில், ஒரு எஃகுக் கம்பெனியின் பெயர் சூட்டப்பட்ட கூடத்தில் வைத்தபிறகு அந்தத் துரு வெறும் நிறமாக இருக்க முடியாது. இதைப் பார்க்க மறுத்தால் அது என் ரசனையின் தூய்மை ஆகாது, சோம்பேறித்தனம். பாஸ்க் சிற்பி ஒத்தெய்சா இந்த மியூஸியத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவரைப் பொறாமைக்காரக் கிழவர் என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன்.

உள்ளடக்கக்காரர்கள் இதைப் படித்துக் கை தட்ட வேண்டாம். கப்பல் தளத்தின் சோகத்தைச் சொல்லும் ஒரு சிலையை அங்கே வைத்திருந்தால் நான் அரை நிமிஷம் நின்றிருக்க மாட்டேன்.

கடைசி மாலை மெட்ரோவில் ஆற்றின் முகத்துக்குப் போனோம். 1893ல் கட்டிய விஸ்காயா பாலம். ஆட்களையும் கார்களையும் ஏற்றிக்கொண்டு இரும்புக் கயிறுகளில் தொங்கும் ஒரு தொட்டில், கப்பல்களுக்கு வழிவிட்டு, கரைக்குக் கரை போய் வருகிறது. ஒரு பக்கம் முதலாளிகளின் மாளிகைகள், எதிர்ப்பக்கம் தொழிலாளர்களின் ஊர்கள். தொட்டிலில் காய்கறிப் பையோடு இரண்டு கிழவிகள், ஒரு சைக்கிள்காரன், நாங்கள். இரண்டு நிமிஷத்தில் அக்கரை. மனைவி இறங்கவில்லை. "இன்னொரு தடவை போய்ட்டு வரலாம்" என்றாள். அதற்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எடுத்தோம்.