வெளுத்தல் என்னும் சொல்

கிழக்கு வெளுத்தது என்றால் பொழுது புலர்ந்தது; சாயம் வெளுத்தது என்றால் வேடம் கலைந்தது; முகம் வெளுத்தது என்றால் அச்சமோ சோகையோ பற்றியது. துணி வெளுத்தது என்னுமிடத்து மட்டுமே அழுக்கு நீங்கியது என்பது பொருள். ஆயின் அவ்வொரு பொருளையே பற்றிக்கொண்டு, வெளுப்பும் தூய்மையும் ஒன்றென எழுதுவோர் இந்நாளில் பெருகிவிட்டனர்.

துணியிலுங்கூடத் தொழில் இரண்டு. உவர்மண்ணிலிட்டு, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து வண்ணார் போக்கியது அழுக்கு; வெயிலில் விரித்துப் போக்கியது நூலின் இயற்கை நிறம். சென்னை வண்ணாரப்பேட்டை, கும்பினிக்குத் துணி வெளுத்தவர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. 1785இல் பெர்த்தோலே என்னும் பிரெஞ்சு அறிஞர் குளோரினால் துணி வெளுக்கும் வழி கண்டார்; 1799இல் டென்னன்ட் என்பார் வெளுக்கும் தூளுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு நம் பாடநூல்கள் இட்ட பெயர் ‘சலவைத்தூள்’! அத்தூள் நிறத்தைச் சிதைப்பது. அழுக்கைக் கொண்டுபோவது சவர்க்காரமும் நீருமன்றோ?

செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் எமக்கு இவ்வேறுபாடு பழகிய ஒன்று. பழத்தினின்று பிழிந்த எண்ணெய் செந்நிறம். அந்நிறம் கரோட்டீன், உடம்பில் ‘ஏ’ உயிர்ச்சத்தாக மாறுவது. ஆலையில் அதனை வெளுக்கும் மண்ணோடு சூடாக்கி வடிப்பர். பின்னர் 200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வாடை போக்குவர். கசடும் போகிறது, கரோட்டீனும் போகிறது. இவ்விரண்டையும் சேர்த்துச் ‘சுத்திகரிப்பு’ என்கிறோம். கரோட்டீன் என்ன அழுக்கா?

எண்ணெயோடு நின்றால் பொறுக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் நம்மவர் முகத்தையும் வெளுக்கப் புகுந்தனர். பாதரசம் கலந்த பூச்சுகளை மலேசிய அரசு பன்முறை பெயர் சுட்டித் தடுத்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. ‘சிவந்த பெண் தேவை’ என்னும் மணவிளம்பரம் இழிவானதே. ஆயினும் அங்கும் ‘வெளுத்த பெண்’ என ஒருவரும் எழுதார். வெளுத்த மேனி நோயுற்ற மேனி என்பதைத் தமிழ் மறக்கவில்லை. வணிகரோ சொல்லின் வலிமையை நன்கறிவர்: 1975இல் இந்தியாவில் தோன்றிய ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020இல் ‘ஃபேர்’ என்பதை உதறிக் ‘குளோ’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

ஆலைத் தொழிலை ‘நிறநீக்கம்’ என்றும், தூளை ‘நிறநீக்கித் தூள்’ என்றும் எழுதினால் என்ன குறை? மலாய் மொழியில் நிறம் மங்குதல் ‘லுந்தூர்’. மங்கச் செய்யும் பொருள் ‘பெலுந்தூர்’. அச்சொல்லில் தூய்மை என்னும் பேச்சே இல்லை.