முகமூடியும் மனச்சான்றும்

நடிப்புக் கலையைப் பற்றி நெடுங்காலமாகவே ஓர் ஐயம் உண்டு. நூறு முகங்களை அணிந்து கழற்றுகிறவனுக்கு இறுதியில் தன் முகமென்று ஏதேனும் எஞ்சுமா? வேடம் மனிதனை வளர்க்குமா, விழுங்குமா? 2025 நவம்பரில் தமது 92ஆம் வயதில் மறைந்த ஜப்பானிய நடிகர் தட்சுயா நகாதாயின் கலைவாழ்வு இவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடையது.

1932இல் பிறந்த அவர் தந்தையை இளமையிலேயே இழந்து வறுமையில் வளர்ந்தவர். 1945இல் தோக்கியோ நகரின்மீது குண்டுகள் பொழிந்தபோது, ஒரு சிறுமியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடியதையும், திரும்பிப் பார்க்கையில் அந்தக் கை மட்டுமே தம் பிடியில் எஞ்சியிருந்ததையும் முதுமையிலும் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. 1952இல் 'ஹையூசா' நாடகக் குழுவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 'ஏழு சாமுராய்கள்' (1954) படத்தில் வீதியில் நடந்து செல்லும் ஒரு வீரனாகச் சில நொடிகளே தோன்றுகிறார். அந்த நடைக்காக இயக்குநர் குரோசாவா அவரை மணிக்கணக்கில் மீண்டும் மீண்டும் நடக்கவைத்தார்.

அக்காலத்தில் ஜப்பானியத் திரைநடிகர்கள் பெரும்பாலும் ஒரே நிறுவனத்திற்கு ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தனர். நகாதாய் அதற்கு உடன்படவில்லை. மேடைக்கும் திரைக்குமாக ஆண்டைப் பகிர்ந்துகொண்டார். இந்த விடுதலையே அவருடைய பன்முகத் திறனுக்கு வித்து. 'யோஜிம்போ' (1961) படத்தில் கைத்துப்பாக்கியுடன் திரியும் கொடியவன், மசாக்கி கோபயாஷியின் 'மனித நிலை' (1959-61) முப்படத் தொடரில் போரின் நடுவே மனச்சான்றைக் காக்கப் போராடும் காஜி ஆகிய இருவரும் ஒருவரே என்று நம்புவது எளிதன்று. ஒன்பது மணி நேரத்திற்கும் மேல் நீளும் அத்தொடரில் நல்லவனாயிருக்க விரும்பியவன் சிறிது சிறிதாகச் சிதைவதை, உரையாடலைவிடத் தம் கண்களாலேயே அவர் உணர்த்துகிறார்.

முகமூடியைப் பற்றிய வினாவிற்கு அவருடைய மூன்று படங்கள் நேரடியாகவே விடை தருகின்றன. தெஷிகஹாராவின் 'மற்றவன் முகம்' (1966) படத்தில் விபத்தில் முகமிழந்த ஒருவன் செயற்கை முகம் பெறுகிறான். தன்னை யாரும் அறியார் என்ற துணிவு அவனைக் கொலைவரை இட்டுச் செல்கிறது. 'ககேமுஷா' (1980) படத்திலோ இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி. மாண்ட தலைவனைப் போலத் தோன்றுவதற்காக அமர்த்தப்படும் திருடன், அந்த வேடத்தின் மாண்புக்கேற்ப உயர்கிறான். துரத்தப்பட்ட பின்னும், குலமே அழியும் போர்க்களத்தில் தனியனாக ஈட்டியேந்தி ஓடி உயிர் துறக்கிறான். ஒருவனை முகமூடி கெடுக்கிறது, மற்றவனை உயர்த்துகிறது. வேறுபாடு முகமூடியில் இல்லை. அதற்குள் இருக்கும் மனிதனிடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, 'ஹராகிரி' (1962). ஒரு பெருங்குடும்பத்தின் முற்றத்தில் பாய்மீது அமர்ந்து தன் கதையைச் சொல்லும் முதிய சாமுராயாக நடித்தபோது அவருக்கு வயது 29. அசையாத உடல், அடித்தொண்டையிலிருந்து எழும் குரல் ஆகிய இரண்டைக் கொண்டே அவையோரின் போலிப் பெருமையைத் தோலுரிக்கிறார். இறுதியில் அக்குடும்பம் வணங்கிவரும் முன்னோரின் வெற்றுக் கவசத்தைப் பெயர்த்து வீழ்த்துகிறார். உள்ளே மனிதன் இல்லாத மரியாதை வெறும் கவசமே என்பதை இதைவிட வலிமையாகச் சொன்ன காட்சி அரிது. என் கருத்தில் அவருடைய தலைசிறந்த நடிப்பு இதுவே.

குறையும் உண்டு. 'ரான்' (1985) படத்தில் 52 வயதில் எழுபது வயது மன்னராகத் தோன்றும்போது, நோ நாடக முகமூடியைப் போன்ற தடித்த ஒப்பனை முற்பகுதியில் மனிதரை மறைத்துவிடுகிறது. ஆயினும் உண்மையாகவே எரியூட்டப்பட்ட கோட்டையிலிருந்து வெறித்த விழிகளோடு படியிறங்கி வரும் கணத்தில், அம்முகமூடியே ஒரு தந்தையின் உடைந்த உள்ளமாக மாறிவிடுகிறது.

புகழின் உச்சத்தை நோக்கிச் சென்ற நாட்களில், 1975இல், மனைவி யசுகோ மியாசாகியுடன் இணைந்து இளம் நடிகர்களுக்காக 'முமெய்ஜூகு' என்னும் பள்ளியை நிறுவினார். பெயரற்றோர் பள்ளி என்பது அதன் பொருள். 1996இல் மனைவி மறைந்த பின்னும் அப்பணி நின்றுவிடவில்லை. அவருடைய குழு நீண்டகாலம் உறவு பூண்டிருந்த நோட்டோ பகுதியை 2024 புத்தாண்டு நாளில் நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த ஆண்டே, 92 வயதில், அங்குள்ள அரங்கில் பிரெக்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தில் போரில் பிள்ளைகளை ஒவ்வொருவராக இழக்கும் தாயாக நடித்தார்.

சிறுமியின் கையைப் பற்றி ஓடிய அந்தச் சிறுவன், எண்பது ஆண்டுகளுக்குப் பின் துயருற்ற மக்கள்முன் தாய்வேடமேற்று நின்றான். பிறர் துயரைத் தாங்குவதற்காக அணியப்படும் வேடம் ஒருவனுடைய முகத்தை அழிப்பதில்லை. நகாதாயின் நூறு முகங்களையும் தாங்கி நின்றது இந்த ஒரு முகமே.