சொல்லிச் சொல்லியே தீர்ந்துபோன கதை

நூல் திறனாய்வு எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் பிடித்த புத்தகத்தைத்தான் எடுப்பார்கள். பாராட்டுவது சுலபம். உயிருக்கு உயிராக நேசித்த ஒரு நாவலின் இரண்டாம் பாகம் ஏமாற்றிவிட்டால் எழுதுவதுதான் கஷ்டம். எனக்கு அப்படி ஒன்று நடந்தது, அதையே இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

நாவல் ஆங்கிலத்தில் உள்ளது. ஆசிரியர் பெஞ்சமின் அலீரே சாயென்ஸ், மெக்சிக்கோ வம்சாவளி அமெரிக்கர். ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர். 2012இல் வந்த முதல் நூலின் தலைப்பைத் தமிழில் 'அரிஸ்டாட்டிலும் டான்டேயும் பேரண்டத்தின் இரகசியங்களைக் கண்டறிகிறார்கள்' என்று சொல்லலாம். தலைப்புத்தான் நீளம், கதை எளிது. 1987ஆம் ஆண்டுக் கோடை, டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரம். ஆரிக்கு வயது 15, நீச்சல் தெரியாது. குளத்தில் டான்டே என்ற பையன், "நான் கற்றுத்தரவா?" என்கிறான். முதலில் நட்பு, பிறகு காதல். ஆமாம், இரண்டு பையன்களுக்கு இடையிலான காதல். லாம்ப்டா, ஸ்டோன்வால் விருதுகளை வென்ற நூல். வகுப்பில் இதைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். பழைய செய்தித்தாள் சொற்களில் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் நூல் ஏன் அவ்வளவு பிடித்தது என்று யோசித்தால், அதில் யாரும் ஒழுங்காகப் பேசுவதே இல்லை. ஆரியின் அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், வாயைத் திறக்கமாட்டார். அண்ணன் சிறையில். வீட்டில் அவனுடைய ஒரு படம்கூட மாட்டியிருக்காது. டான்டேயைக் காப்பாற்றப் போய் ஆரி காரில் அடிபட்டுக் கால்கள் முறிந்து படுத்துவிடுகிறான். பிறகு நண்பனுக்கு விதிமுறை போடுகிறான்: விபத்தைப் பற்றிப் பேசக்கூடாது, நன்றி சொல்லக்கூடாது. டான்டே அவன் உடம்பை ஈரத் துணியால் துடைத்துவிடும் இடத்தில் டான்டே அழுகிறான். அவ்வளவுதான். யாரும் விளக்கம் சொல்வதில்லை. நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. இறைச்சி, உள்ளுறை என்று இலக்கணத்தில் நாம் நடத்துகிறோமே, அதை மாணவர் உணர வேண்டுமென்றால் இந்த ஒரு பக்கம் போதும்.

இரண்டாம் நூல் 2021இல் வந்தது. ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு. 500 பக்கத்தைத் தாண்டும் கனம். வாங்கிய அன்றே உட்கார்ந்தேன். நூறு பக்கம் போவதற்குள், என்னடா இது, எல்லாரும் இப்படிப் பேசுகிறார்களே என்று தோன்ற ஆரம்பித்தது.

ஆரி பேசுகிறான், டான்டே பேசுகிறான், இரண்டு வீட்டு அப்பா அம்மாவும் பேசுகிறார்கள், பள்ளி ஆசிரியர்களும் பேசுகிறார்கள். எல்லாரும் ஒரே குரலில், ஒரே ஞானத்தோடு. பெயரை மறைத்துவிட்டால் எந்த வரி யாருடையது என்று சொல்ல முடியாது. முதல் நூலில் வாயே திறக்காத ஆரி, இதில் நாட்குறிப்பில் டான்டேக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளுகிறான். அவனும் கசாண்ட்ரா என்ற பெண்ணும் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள். அவளுடைய அண்ணன் எய்ட்ஸ் நோயில் இறந்ததும் இருவரும் ஒருமுறை மனம்விட்டுப் பேசுகிறார்கள், உடனே உயிர்த்தோழர்கள் ஆகிவிடுகிறார்கள். இவ்வளவு பகை ஒரு உரையாடலில் தீருமா? வகுப்பில் ஒரு சண்டையைத் தீர்க்க நமக்கு எத்தனை வாரம் ஆகிறது!

தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நூலில் அடிக்கடி வரும் உருவகம் வரைபடம். இந்தப் பையன்களுக்கு ஏற்கெனவே வரைந்துவைத்த வழி எதுவும் இல்லை, தங்கள் உலகத்தின் வரைபடத்தைத் தாங்களே வரைய வேண்டும் என்பது பொருள். முதல் முறை படிக்கும்போது மனத்தைத் தொடுகிறது. இரண்டாம் முறையும் பரவாயில்லை. அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் பொருளையும் தானே சொல்லிவிடுகிறது. அப்புறம் வாசகருக்கு என்ன வேலை? உங்கள் கட்டுரையில் 'இதன்மூலம் நாம் அறிவது' என்று ஒரு பத்தி சேர்க்கிறீர்களே, அதே நோய்தான். அந்தப் பத்திக்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கியதும் நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியரின் நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன். முதல் நூல் 1987இல் நடக்கிறது. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய்க்கான முதல் மருந்து அங்கீகாரம் பெற்றதும், நோயாளிகளுக்காகப் போராட நியூயார்க்கில் 'ஆக்ட் அப்' அமைப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆனால் அந்த நூலில் எய்ட்ஸுக்கு இடமே இல்லை. அக்காலத்தில் இரண்டு பையன்களின் காதலை எழுதிவிட்டு இதை விட்டால் அது குறைதான். இரண்டாம் நூல் அந்தக் கடனை அடைக்கப் பார்க்கிறது. ஆனால் கடன் அடைப்பது தெரிகிறது. நோயும் சாவும் கதைக்குள் நடப்பதைவிடத் தொலைக்காட்சிச் செய்தியாகவும் பேச்சாகவும்தான் அதிகம் வருகின்றன.

இப்படியெல்லாம் மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். பிறகு, என்னிடம் இரண்டு நூல்களையும் வாங்கிப் படித்த ஒரு மாணவரிடம் பெருமையாகச் சொன்னேன், முதல் நூல்தான் கலை என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "டீச்சர், முதல் புக்ல ஆரி கடைசி வரைக்கும் தன்னையே வெறுக்கிறான். அவன் டான்டேயை விரும்புறான்னு அப்பா அம்மா உட்கார வச்சுச் சொல்ல வேண்டியிருக்கு. ரெண்டாவதுல அவன் சும்மா சந்தோஷமா இருக்கான். நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் மௌனத்தின் அழகு என்று இரசித்ததில் பாதி அந்தப் பையனின் பயம். வெளியே நின்று படித்தவளுக்கு அது இலக்கிய நயம். அந்த மாணவருக்கு அது தினமும் தெரிந்த விஷயம். முதல் நூலின் முடிவைப் பற்றி, 'பெற்றோர் வந்து சொல்லித்தான் ஒருவனுக்குத் தன் மனம் தெரியுமா?' என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் அதுவரை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அதனால் இரண்டாம் நூலை மறுபடி எடுத்தேன். என் கருத்து மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பேச்சு இன்னும் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு காட்சி இந்த முறை பிடித்து உலுக்கியது. ஆரி சிறைக்குப் போய் அண்ணனைச் சந்திக்கிறான். இத்தனை வருட ஏக்கம். அண்ணன் கொன்றது ஒரு திருநங்கையை. அவனிடம் வருத்தம் துளியும் இல்லை, வெறுப்புத்தான் இருக்கிறது. கட்டிப்பிடிப்பதும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஆரி எழுந்து வந்துவிடுகிறான். இந்த அத்தியாயத்தில் மௌனம் உடைகிறது, ஆனால் யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை. மகிழ்ச்சியான அத்தியாயங்களும் இதே கையால் எழுதப்பட்டிருந்தால்! அந்த மாணவர் தேடிய சந்தோஷத்துக்கு அறிவுரை தேவையே இல்லை. இரண்டு பையன்கள் மலையில் கூடாரம் போட்டுத் தங்கும் தொடக்கப் பகுதியில் அது கொஞ்சம் கிடைக்கிறது, பிறகு பேச்சு வந்து மூடிவிடுகிறது.

ஒப்பீட்டுப் பயிற்சிக்கு நூல் தேடும் ஆசிரியர்களுக்கு: இரண்டையும் முழுதாகக் கொடுக்க நேரம் இருக்காது. இரண்டாம் நூலில் பெரியவர்களுக்கான சில இடங்களும் உண்டு, நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். விபத்துக்குப் பின் ஆரி விதிமுறை போடும் அத்தியாயம் ஒன்று, சிறைச் சந்திப்பு ஒன்று, வரைபட உருவகம் வரும் ஏதாவது இரண்டு பக்கம். எந்த வரியை நீக்கினால் பத்தி கெடாது என்று மாணவர்களைக் கேளுங்கள். நான் உயர்நிலை நான்கில் கேட்டபோது, பத்து நிமிடத்தில் பென்சில் கோடுகளால் பக்கமே கறுத்துவிட்டது. ஒருவர் மட்டும் ஒரு வரியையும் அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "எல்லாமே தேவைப்படுது டீச்சர்" என்றார்.