பொன்னாவிடம் முத்து சொன்ன பொய்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் அஞ்சாவது நிமிஷம் பேச்சு 2015-க்குப் போய்விடுகிறது. அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சா இல்லையா, அதை எழுதலாமா கூடாதா. அந்தச் சண்டையில் நாவல் எங்கேயோ காணாமல் போகிறது. என்னைக் கேட்டால், மனுசங்க ஏன் கூட்டத்தோடு ஒத்துப்போகிறார்கள் என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நல்ல நாவல்களில் அது ஒன்று. அந்தக் கோணத்தில்தான் இந்தக் குறிப்பு. முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது. இன்னும் படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாங்க.

காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். குழந்தை இல்லை. ஊர் அவர்களை அடிப்பதில்லை, விலக்கி வைப்பதும் இல்லை. பேசுகிறது, அவ்வளவுதான். எங்கள் அந்தியூர்ப் பக்கம் கல்யாணமாகி ஆறு மாசம் தாண்டினால் “ஏதாச்சும் விசேஷமுங்களா?” என்று கேட்பார்கள். ஆடி மாசம் குருநாதசாமி பண்டிகைக்குப் போனால், குதிரைச் சந்தையைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் நாலு சொந்தக்காரராவது கேட்டுவிடுவார்கள். கேட்கிறவர் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நாவலின் பலமே இதுதான்: அந்த ஊரில் வில்லன் என்று ஒருத்தரும் இல்லை. காளியின் அம்மா, பொன்னாவின் அம்மா, அண்ணன் முத்து, எல்லோரும் நல்லதைத்தான் நினைக்கிறார்கள்.

திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் குறிப்பிட்ட ஓர் இரவுக்குப் பொன்னாவை அனுப்பினால் சாமி பிள்ளை கொடுக்கும் என்று குடும்பம் முடிவு செய்கிறது. அன்றிரவு வருகிற ஆண்கள் எல்லோரும் சாமி என்பது நாவலில் வரும் நம்பிக்கை. காளிக்கு இதில் இஷ்டமில்லை. பொன்னாவிடமே “நீ போறியா?” என்கிற மாதிரி கேட்டுப் பார்க்கிறான். நீ சொன்னால் போறேன் என்கிறாள். அந்தப் பதிலில் அவன் உடைந்துபோகிறான். அவனுக்கு வேண்டியது மறுப்பு. அவள் கொடுத்தது பணிவு. கடைசியில் முத்து ஒரு வேலை செய்கிறான். காளியைக் குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். பொன்னாவிடம், காளி சம்மதிச்சுட்டான் என்று சொல்லிவிடுகிறான்.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாலமன் ஆஷை எடுத்தேன். 1950-களில் அமெரிக்காவில் அவர் நடத்திய கோடு பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது சமம் என்று சொல்லணும். அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஏற்கெனவே பேசி வைத்துத் தப்பாகச் சொல்வார்கள். விஷயம் தெரியாதவர் ஒருத்தர் மட்டும். முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். மொத்தப் பதில்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாகச் சரியான பதில்தான் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மனுசன் அவ்வளவு சுலபமாகச் சாய்கிற ஆள் இல்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதே பரிசோதனையின் கிளைகள். கூட்டத்தில் ஒரே ஒருத்தர் சரியாகச் சொன்னால் போதும், தப்புகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றன. ஆஷ் அதோடு விடவில்லை. அந்தத் துணை ஆளைப் பாதியில் கழற்றிப் பார்த்தார், இரண்டு விதமாக. ஏதோ வேலை என்று அறையை விட்டு அவர் கிளம்பிப் போனால் தப்புகள் கூடின, ஆனால் ரொம்ப இல்லை. ஆள் போனபிறகும் அவர் கொடுத்த தெம்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதே ஆள் அறையிலேயே உட்கார்ந்துகொண்டு கூட்டத்தின் பக்கம் மாறினால்? தப்புகள் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே ஏறிவிட்டன.

முத்து சொன்ன பொய்யின் விஷம் இதில்தான் இருக்கிறது. காளி வெளியூர் போயிருக்கிறான் என்று மட்டும் சொல்லியிருந்தால் பொன்னா போயிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஊர் பேசியும் அவள் அசையவில்லை, பக்கத்தில் ஒருத்தன் இருந்தான். அவன் கட்சி மாறிவிட்டான் என்ற ஒரே வார்த்தை வேலையை முடித்துவிட்டது. ஊர் அவளை ஜெயிக்கவே இல்லை. ஊருக்கு அந்தப் பக்கம் யாருமில்லை என்று அவளை நம்பவைத்தார்கள்.

நாவலில் நல்லுப்பையன் சித்தப்பா என்று ஒரு ஆள் வருவார். கல்யாணம் பண்ணாதவர், ஊர்ப்பேச்சை மயிருக்கும் மதிக்காதவர். ஆஷின் அறையில் சரியான பதில் சொல்லும் அந்த ஒற்றை ஆள் அவர்தான். ஆனால் அவரால் காளிக்குத்தான் தெம்பு கிடைக்கிறது. பொன்னாவுக்கு அப்படி ஒரு சித்தியோ அத்தையோ கிடையாது. இது நாவலின் குறையா, அந்தக் காலத்துப் பெண்ணின் நிலைமையா? இரண்டும் என்பேன். காளியின் மனசுக்குள் நாவல் செலவிடும் பக்கங்களில் பாதியாவது, அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு முத்துவின் மனசுக்குள் செலவழித்திருக்கலாம். அது எனக்குப் போதவில்லை.

2015-ஐத் தொடாமல் முடிக்க முடியவில்லை. புத்தகம் 2010-லேயே வந்தது. நாலு வருஷம் திருச்செங்கோட்டில் யாருக்கும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் பிரதிகள் எரிந்தன. ஜனவரியில் ஊரே கடை சாத்தியது. பவானி, ஈரோடு தாண்டினால் அந்த ஊர், பஸ்ஸில் எட்டிப் பிடிக்கிற தூரம். சாத்தினவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பதை விட, சாத்த வேண்டாம் என்று நினைத்த பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே ஷட்டரை இழுத்திருப்பார்களா என்பதுதான் என் கேள்வி. ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த ‘சமாதானப் பேச்சுவார்த்தை’யில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட்டார். அரசு அலுவலகமே எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் துணை என்று யாரைத் தேடுவது? 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. அதற்கு அப்புறம்தான் அவர் எழுத்துலகுக்குத் திரும்பினார்.

நாவலின் கதை இரண்டு கிளையாகத் தொடர்கிறது, ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’. இரண்டாவதில் காளி உயிரோடு இருக்கிறான். பொன்னாவோடு பேசாமல் இருந்தே அவளைத் தண்டிக்கிறான். ஏமாற்றினவன் முத்து, திட்டம் போட்டவர்கள் இரண்டு அம்மாக்கள். தண்டனை மட்டும் பொன்னாவுக்கு.